பழனாத்தாக்காவின் அளவு ஜாக்கெட்

அண்ணா,

இன்றைக்குக் காலையில் கடையைத் திறந்து மிஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்து நின்றார். எலப்புள்ளிப் பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவராம். "அக்கா, ஜாக்கெட்டு தைக்கோணுமுங்க" என்றார். ஆருக்கு என்று கேட்டேன். "எனக்குத்தானுங்க" என்றார். வேறொரு தையல்காரியாக இருந்தால் கத்தரிக்கோலைக் கையில் எடுத்திருப்பாள். நான் தலையை நிமிர்த்தாமலே, "சந்தைக்கடைல இருந்து அனுப்புனாங்களா?" என்றேன்.

"ஆமாங்க்கா. புது சீசன் ஆரம்பிக்கறாங்க. பழைய அளவு ஜாக்கெட்டு உங்ககிட்ட இருக்குது, அதையவே வெச்சுத் தெச்சுக் குடுத்துருவாங்கன்னு கேபிள்காரர் சொன்னாருங்க."

அவரை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டுப் பின்சுவருக்குப் போனேன். ஊர்ப் பெண்களின் அளவு ஜாக்கெட்டுகள் வரிசையாக ஆணியில் தொங்கும் சுவர் உங்களுக்குத் தெரியுமே. நடுவில் மிளகாய்ப்பழச் சிவப்பில், மற்ற எல்லாவற்றையும் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு தொங்குவது உங்களுடையது. புதிதாக வருகிற பெண்கள் அதைப் பார்த்து, "இது ஆருதுங்க, இத்தாப் பெருசா?" என்று கேட்பார்கள். "எங்க அண்ணனுது" என்பேன். பாதிப் பேர் துணியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆணியிலிருந்து எடுத்ததும் அந்த வாசம் வந்தது. எத்தனை தடவை சோப்புப் போட்டு அலசியிருப்பேன்! பவுடர் வாசம் போய்விட்டது, வேர்வை வாசம் போய்விட்டது, புண்ணாக்கு வாசம் மட்டும் போகவே இல்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள்தான். அந்த ஆளை மறந்தே போனேன்.

நீங்கள் கோபாலபுரத்தில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருந்தீர்கள். நான் எதிரே தையல் கடை. கேரள எல்லைக்குள் இருக்கிற நம் பக்கத்தில் நியூஸ் போட்டால் மலையாளம், சீரியல் போட்டால் சென்னைத் தமிழ். "ஏனுங்", "வாங்", "ஊட்டுக்கு" என்று நாம் பேசுகிற மாதிரி டிவியில் பேசியது கேபிள்காரரின் 'சந்தைக்கடை' ஒன்றுதான். ஓணம் முடிந்ததும் தொடங்கும், மார்கழியில் முடியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சின்னச் சின்ன நாடகமாக நான்கைந்து வரும். எழுதுவது நான். ஜாக்கெட் போட்டுப் பார்க்கிற மறைப்புக்குள் நின்று பெண்கள் பேசுவதைக் கேட்டு எழுதினாலே ஒரு சீசன் ஓடிவிடும். ஆளும் பேரும் மாற்றிவிடுவேன். அப்படியும் கண்டுபிடித்துச் சண்டைக்கு வருவார்கள், சண்டை போட்டுவிட்டு அடுத்த ஜாக்கெட்டுக்குத் துணி கொடுத்துவிட்டுப் போவார்கள்.

முதல் சீசனில் நடிக்க வேண்டிய பெண் கிரகப்பிரவேசம் என்று போய்விட்டாள். நீங்கள் கேபிள்காரர் வீட்டு மாட்டுக்குத் தவிடு மூட்டை இறக்க வந்தவர். "ஒரு நாளைக்குத்தானுங்களே" என்று மீசையை எடுத்துவிட்டுச் சேலையைச் சுற்றினீர்கள். மாராப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங், இந்த ஊர்ல நாயம் கேக்க ஆருமே இல்லீங்களா?" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் பழனாத்தாக்கா பிறந்தாள். அந்த ஒரு நாள் முடியவே இல்லை. வருஷாவருஷம் ஓணம் முடிந்ததும் மீசை போய்விடும். மார்கழிக்குப் பிறகு வளர்ப்பீர்கள், அது நடுவில் வழுக்கையாக, ஓரத்தில் முள்ளாக வந்து ஒரு நிலைக்கு வருவதற்குள் பொங்கல் விளம்பரம், விஷு விளம்பரம் எடுக்கிறேன் என்று கேபிள்காரர் கேமராவோடு வந்து நிற்பார்.

மீசை இல்லாமல் நம் ஊரில் ஒரு ஆம்பிளை நடமாடுவது லேசா? அப்பனோ ஆத்தாளோ போனால்தான் இங்கே மீசையை எடுப்பார்கள். பொள்ளாச்சியிலிருந்து வருகிற லாரிக்காரர்கள் ஒவ்வொருவரும் உங்கள் கடையில் இறங்கி, உங்கள் உதட்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பாவுங்களா, ஆத்தாளுங்களா?" என்பார்கள். உள்ளே கடலைக்காய் உரித்துக்கொண்டிருக்கும் உங்கள் ஆத்தா, "நா இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறேன், ஆருடா செத்தது?" என்று கத்துவார். ஒரு லாரிக்காரர் அதைக் கேட்டு உண்மையிலேயே பயந்து ஓடினார். தீவன மூட்டையை இறக்காமலே போய்விட்டார்.

அதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, ஏழாம் சீசன் வரை.

அந்த ஆவணியில் உங்கள் மகள் சங்கீதாவைப் பெண் பார்க்க உடுமலையிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, தாத்தா, அவருடைய அப்பாருதான் எல்லாம். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை, சொன்ன சொல் மாறாத பெரியவர். அவர்கள் ஊரில் நம் கேபிள் கிடையாது. அவர் காபியைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, "ஏனுங் சம்பந்தி, ஊட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?"

சேலை கட்டுகிற விஷயத்தைச் சொல்ல உங்களுக்கு வெட்கம். "இல்லீங்க மாமா, சும்மா, வேக்காடா இருக்குதுன்னு எடுத்தனுங்க" என்றீர்கள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தைல கண்ணாலம். அதுக்குள்ள வளத்திப் போடுங்க. மீசையில்லாம நீங்க மணவறைல நின்னீங்கன்னா வாரவங்க பொண்ண வாழ்த்தறதா, உங்ககிட்டத் துக்கம் கேக்கறதான்னு தெரியாம முழிப்பாங்க" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் கடைக்கு வந்தீர்கள். வந்தால் முதலில் கண்ணாடியில் ஜாக்கெட்டைப் பார்க்கிறவர், அன்றைக்கு உதட்டைப் பார்த்தீர்கள். "அம்மணி, பழனாத்தாளக் கொன்னு போடு" என்றீர்கள்.

"ஏனுங்ணா, நல்லாத்தானே இருக்கறா?"

"அவ நல்லாருந்தா நா நல்லாருக்க முடியாது. என்ற புள்ள கண்ணாலப் போட்டோவுல நா மீசையோட நிக்கோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

உங்களை எத்தனையோ வேஷத்தில் பார்த்திருக்கிறேன், கெஞ்சிப் பார்த்தது அன்றைக்குத்தான். உடனே கொன்றுவிட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சாவு. பழனாத்தாக்கா டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒன்பது வருஷமாக ஓடிய சீரியலின் கடைசிக் காட்சி. கொலைகாரன் யாரென்று கதாநாயகி வாயைத் திறக்கிறாள், கரண்ட் போய்விடுகிறது. பழனாத்தாக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "ஆருன்னு சொல்லீட்டுப் போங்கடி" என்று சாய்ந்தாள். எழுதும்போது சிரித்துக்கொண்டே எழுதினேன். ஊரில் யாரும் சிரிக்கவில்லை அண்ணா. திங்கட்கிழமை காலையில் செக்போஸ்ட் முக்கில் பெரிய ஃபிளக்ஸ் கட்டியிருந்தார்கள். சேலையும் பூவும் பொட்டுமாக நீங்கள் கைகூப்பி நிற்கிறீர்கள். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'எங்கள் பாசத்திற்குரிய பழனாத்தாக்கா அவர்களின் மறைவால் வாடும் ரசிகர்கள்'. அதற்கும் கீழே ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள் அத்தனை பேரும் கூலிங்கிளாஸ் போட்ட போட்டோவில்.

அதோடு விட்டார்களா? துக்கம் கேட்க வந்துவிட்டார்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து, வண்ணாமடையிலிருந்து, பஸ் ஏறி வந்தார்கள். எல்லோருக்கும் அது நடிப்பு என்று தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. வந்தவர்கள் உங்கள் வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, துக்க வீட்டு முறைப்படி சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்கள். நீங்கள் பின்னாலேயே ஓடி, "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று கூப்பிட்டீர்கள். துக்க வீட்டில் அப்படிக் கூப்பிடுவார்களா என்று ஒரு பாட்டி உங்களைத் திட்டினார். உங்கள் வீட்டு ருக்குமணியக்கா என்னிடம் வந்து, "நா என்ன பண்ணட்டும் சொல்லு. செத்தது என்ற ஊட்டுக்காரருங்களா, என்ற நாத்தனாளுங்களா?" என்று கேட்டார். அவருக்கு அழுகையா சிரிப்பா என்று எனக்குக் கடைசி வரை புரியவில்லை.

அந்த வாரத்தில்தான் உடுமலைப் பெரியவர் பாலக்காட்டில் ஒரு விசேஷத்துக்காகக் காரில் வந்தார். செக்போஸ்டில் வண்டி நின்றது. ஃபிளக்ஸைப் பார்த்தார். நேராக உங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நாலு பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார், தரையைப் பார்த்தார், உங்கள் கையைப் பிடித்து அமுக்கினார், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். நீங்கள் பாவம், இவரும் ரசிகர்போல என்று நினைத்துப் பெருமையாக என்னிடம் சொன்னீர்கள்.

மறுநாள் போன் வந்தது. "சம்பந்தி, அக்கா தவறுனத ஒரு வார்த்தை சொல்லலீங்களே. சாடையெல்லாம் அப்பிடியே உங்களாட்டமே இருந்தாங்க. சரி, நடந்தது நடந்து போச்சு. கூடப்பொறந்தவ போயி வருசம் திரும்பாம ஊட்ல நல்ல காரியம் பண்ணக்கூடாதுங்க. கண்ணாலத்த அடுத்த தைக்குத் தள்ளி வெச்சுக்கலாம்."

சங்கீதா ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்துவிட்டது, ரெண்டு பேரும் போனில் பேசிப் பேசி ஒரு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு வருஷம் என்பது சின்ன விஷயமா? அதற்குள் எது வேண்டுமானாலும் மாறும். நீங்கள் மறுபடி போன் போட்டு, "மாமா, அது நாந்தானுங்க, சேலை கட்டி நடிச்சது நாந்தானுங்க" என்று உடைத்துச் சொன்னீர்கள். அவர், "துக்கத்துல புத்தி தடுமாறும் சம்பந்தி. ரெண்டு நாளு படுத்துத் தூங்குங்க" என்றார்.

மாப்பிள்ளைப் பையன் போனில் பழனாத்தாக்கா வீடியோவைக் காட்டியிருக்கிறான். பெரியவர் முழுசாகப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். "உசுரோட இருக்கைல எடுத்ததாக்கும். பாவம், வாயி நல்லா இருந்துருக்குது."

அப்புறம் நீங்கள் பண்ணிய காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் தையல் கோணலாகப் போகிறது. பஞ்சாயத்து ஆபீசுக்குப் போய், பழனாத்தா என்று ஒருத்தி சாகவில்லை என்று சர்டிபிக்கட் கேட்டீர்கள். அங்கே இருந்த கிளார்க்கு நம் நிகழ்ச்சியை விடாமல் பார்க்கிறவர். தலையைச் சொறிந்துகொண்டு, "ஜனிச்சதுக்கே இங்க ரிக்கார்டு இல்லீங்களே. ஜனிக்காதவங்க மரிக்கலைன்னு நான் எப்பிடிங்க எழுதித் தருவேன்?" என்றார். பிறகு எழுந்து நின்று, "எங்க ஊட்லயும் எல்லாருக்கும் ரொம்ப வெசனமுங்க" என்று துக்கம் வேறு கேட்டாராம்.

இதற்கிடையில் சந்தைக்கடையும் படுத்துவிட்டது. நீங்கள் முள்ளு முள்ளாக மீசையோடு, பேண்ட் சட்டை போட்டு, பழனாத்தாக்காவின் தம்பி என்று வந்து நின்றீர்கள். வசனம் அதே நான் எழுதியதுதான், வாய் அதே வாய்தான். ஒரு பயல் சிரிக்கவில்லை. "ஏனுங், இப்ப நியூசுங்களா போடறீங்க?" என்று கேபிள்காரருக்குப் போன் வந்ததாம். அவர் கடைக்கு வந்து, "இந்த மாசம் பாப்பேன் அம்மணி. அக்கா திரும்பி வரலீன்னா சந்தைக்கடைய மூடிட்டுப் பக்திப்பாட்டுப் போட்டுருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் நீங்கள் வந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். மீசை அப்போதுதான் ஒரு உருவத்துக்கு வந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே, "எடுத்தர்றேன் அம்மணி. சேலையக் கட்டிட்டு நேரா உடுமலைக்கே போயி அவரு முன்னால நிக்கறேன். நம்பீருவாரு. நிகழ்ச்சியும் நிக்காது. போட்டோ என்ன பெரிய போட்டோ" என்றீர்கள். சிரிக்க முயற்சி பண்ணினீர்கள், வரவில்லை. ஊரையே சிரிக்கவைத்த ஆளுக்குத் தனக்கு ஒரு சிரிப்பு வரவில்லையே என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. "கத்தி பக்கம் கை போச்சுன்னா பாருங்க, ஜாக்கெட்டோட சேத்துத் தெச்சுப் போடுவேன்" என்று கத்திவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் காந்தலூர்க்காரர் வந்தார். வாரம் ஒருதரம் மலையிலிருந்து பூண்டும் கேரட்டும் ஏற்றிக்கொண்டு வேனில் இறங்குவாரே, அவர்தான். பேண்ட்டுக்கு ஜிப் மாற்றக் கொடுத்திருந்தார். நம் ஊர் வெயிலில் மண்டை காய்கிறது, இந்த மனிதர் கழுத்திலிருந்து மூக்குவரை பழுப்பு மப்ளரைச் சுற்றிக்கொண்டு, கண் மட்டும் தெரிய நின்றார். "கழட்டுங்களே, வேகலீங்களா?" என்றேன். "பழகிப்போச்சு தாயி. கழட்டுனா மூஞ்சி இல்லாத மாதிரி இருக்கு" என்றார்.

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மப்ளரைப் பார்த்தீர்கள். ஜிப்புக்கு ஒன்றும் தர வேண்டாம், அந்த மப்ளரைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவர் பயந்துபோய்க் கழற்றிக் கொடுத்தார். அவருக்கு மூஞ்சி இருந்தது, நன்றாகவே இருந்தது.

மார்கழிக் கடைசி நிகழ்ச்சி கோபாலபுரம் மைதானத்தில் மேடை போட்டு, ஊர் முன்னால் நேரடியாக நடந்தது. பழனாத்தாக்காவின் தங்கச்சி, காந்தலூரில் கட்டிக் கொடுத்து அந்த ஊர்ப் பேச்சே பேசுகிறவள், அக்கா துக்கத்துக்குத் தாமதமாக வருகிறாள். அக்காவின் சேலை, அக்காவின் ஜாக்கெட், தலையில் பூண்டு மூட்டை, மூக்குவரை மப்ளர். மேடையில் ஏறி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, "எக்கா! போயிட்டியாக்கா! அந்த டிவிப் பொட்டிய யாருக்கு எழுதி வச்சிருக்க?" என்றீர்கள். மைதானமே எழுந்து நின்றது. பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். கேபிள்காரர் கேமராவுக்குப் பின்னால் நின்று சாமி கும்பிட்டார்.

முன்வரிசையில் உடுமலைப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பேரன் எப்படியோ பேசிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். எல்லோரும் சிரிக்க, அவர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாதி நாடகத்தில் எழுந்தார். படியேறி மேடைக்கே வந்துவிட்டார். அவர் உங்கள் முன்னால் நின்று, உங்கள் கையைப் பிடித்து, "அக்கா போனதுக்கு வெசனப்படாத அம்மணி. இத்தனை சனம் முன்னால மனசத் தேத்திக்கிட்டு நடிக்கறயே, பெரிய மனசு உனக்கு" என்றார். மைக் பக்கத்தில் இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

நீங்கள் அவரைப் பார்த்தீர்கள். அப்புறம் இடது கையால் மப்ளரைப் பிடித்துக் கீழே இழுத்தீர்கள்.

பூவும் பொட்டும் மூக்குத்தியும், நடுவில் முறுக்கி விட்ட மீசையும். பெரியவர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார். "சம்பந்திங்களா?" என்றார்.

"என்னத்தச் சொல்ல, எங்க ஊருக் குளிருக்குப் பொம்பளையாளுக்கும் முளைச்சிருதுல்லா!" என்று தங்கச்சி குரலில் சொன்னீர்கள். உடனே உங்கள் சொந்தக் குரலில், "நாந்தானுங்க மாமா" என்றீர்கள்.

அன்றைக்கு எழுந்த சிரிப்பை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பெரியவர் பூண்டு மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. மூச்சு திரும்பியதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப ஆரும் சாகலீங்களா?"

"ஆரும் சாகலீங்க."

"அப்ப தைலயே வெச்சுக்கலாமுங்க" என்றார். அதுவும் மைக்கில்தான். ஊரே கை தட்டிச் சம்மதம் சொன்ன கல்யாணம் சங்கீதாவுடையது.

கல்யாணப் போட்டோவில் நீங்கள் மீசையோடு நிற்கிறீர்கள். கேமராவைப் பார்க்கவே இல்லை, கண்ணை உதட்டுப் பக்கம் இறக்கி மீசை ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகு எல்லா சீசனிலும் காந்தலூர்த் தங்கச்சிதான். மப்ளர் எப்போது இறங்கும் என்று ஊர் காத்திருக்கும். மீசை நிரந்தரமாக உங்களுடையது ஆகிவிட்டது. கடைக்கு வருகிற லாரிக்காரர்கள் உங்களிடம் புண்ணாக்கு விலை மட்டும் கேட்டார்கள்.

இந்த வைகாசியில், தவிடு மூட்டையை அடுக்கிவிட்டு "சித்த உக்கார்றேன்" என்று சொல்லி உட்கார்ந்தீர்கள். அவ்வளவுதான். எதிர்க்கடையில்தான் இருந்தேன், ஓடி வந்தேன், நீங்கள் போயிருந்தீர்கள்.

சங்கீதா கல்யாணப் போட்டோவைக் கொடுத்து ஃபிளக்ஸ் அடிக்கச் சொன்னாள். செக்போஸ்ட் முக்கில் கட்டினோம். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "ஆருங்க இவுரு? பாத்த மூஞ்சியாட்டந்தான் இருக்குது" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நிஜமாகச் சொல்கிறேன், உங்கள் வாசலில் உறவுக்காரர்களைத் தவிர ஆளே இல்லை. இந்த ஊருக்காக எத்தனை வருஷம் மீசையைக் கொடுத்த மனிதர்!

ருக்குமணியக்காதான் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னார். "அந்த மப்ளரு எறங்குன போட்டோ இருக்குதில்ல, அதப் போடச் சொல்லு. அதுல ரெண்டு பேருமே இருக்கறாங்க."

சேலை, பூ, மூக்குத்தி, மீசை. அதை அடித்துக் கட்டினோம். மதியத்துக்குள் கோபாலபுரத்தில் பஸ் நிற்க இடமில்லை. காந்தலூரிலிருந்து பூண்டுக்காரர் வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தார். பஞ்சாயத்துக் கிளார்க்கு வந்தார், வாசலில் நின்று குழந்தைபோல அழுதார்.

உடுமலைப் பெரியவருக்குப் பேரன் போன் போட்டபோது அவர் நம்பவில்லை. "போன தடவையும் இப்பிடித்தான் சொன்னீங்க" என்று வைத்துவிட்டாராம். சாயங்காலம்தான் வந்தார். உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதற்குக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும், எங்கள் எல்லோருக்குமே தெரியும். நாங்களும் அதற்குத்தான் காத்திருந்தோம். வெகு நேரம் கழித்து ஒற்றை விரலால் உங்கள் மீசையை ஒதுக்கி விட்டார். எழுந்தார். வாசல் வரை போனவர் திரும்பி, கூட்டத்தின் முன்னால் சத்தமாக, "போயிட்டு வர்றனுங்க சம்பந்தி" என்றார். துக்க வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தை. யாரும் அவரைத் திருத்தவில்லை.

இவ்வளவும் மடியில் ஜாக்கெட்டை வைத்துக்கொண்டு நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் இருந்தவர் செருமினார். அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். நல்ல முகம், சிரிக்கிற கண். மூக்குக்குக் கீழே வழவழவென்று எடுத்திருந்தார். நான் யோசிக்கவே இல்லை அண்ணா, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஊட்ல ஏதாச்சும் துக்கமுங்களா?"

"இல்லீங்க்கா, வேசத்துக்கோசரம் எடுத்தனுங்க" என்று சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்தினார். என் மடியைப் பார்த்தார். "உங்களுக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து மப்ளரை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். "மீசைய வளத்திக்குங்க. இதைய இழுத்துக் கட்டிக்கிட்டாப் போதும்" என்றேன். உங்கள் ஜாக்கெட்டை அவருக்குக் கொடுக்கவில்லை, அவருக்கு வேறு அளவு எடுத்துக்கொள்ளலாம். அதைத் திரும்பவும் அதே ஆணியில் மாட்டினேன்.

திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் ஸ்டூலில்தான் இருந்தார். மப்ளரை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்தார். அளவு கொடுக்கவில்லை, தேதி கேட்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கிப் போய்விட்டார்.

நல்ல ஆளாகத்தான் பிடித்திருக்கிறார்கள், அண்ணா.